திருவருகைக் காலப் பிரசங்கத்திற்குப் பொருள் தேடல்

கார்த்திகைத் திங்கள் பிறந்ததும் ஒரு வினா ஆண்டுதோறும் எழுவது வழக்கம். நம் கல்லூரியினின்று வெளிப்போந்து சிற்றூர்ச் சபைகளில் பணிபுரியும் பழைய மாணவரும், ஞாயிறு பள்ளி நடத்தும் இளைஞரும், விடுதி ஆராதனையிற் பேசும் முறை தமக்கு வந்தெய்திய மாணவரும் அதனை எழுப்புகின்றனர். "கிறிஸ்து பிறப்புத் திருநாளுக்கு முன்வரும் நான்கு ஞாயிறுகட்கும் வேண்டிய பாடலையும் செபத்தையும் பிரசங்கப் பொருளையும் எங்கே தேடுவது?" என்பதே அவ்வினா. மேனாட்டார் எழுதிய துணைநூல்களைப் புரட்டினால், பனி மூடிய வயல்களும், ஊசியிலை மரங்களும், பிற்பகலிலேயே இருண்டுவிடும் குளிர்கால நாட்களும் வந்து நிற்கின்றன. கேட்போரோ பனிக்கட்டி விழுவதைத் தம் வாழ்நாளிற் கண்டறியாதவர். பிரசங்கியார் அவற்றை முதலில் விளக்கி, பின் பொருளுக்கு வருவதற்குள் மணி அடித்துவிடுகின்றது.

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது போன்றது இந்நிலை. இக்காலத்திற்கு வேண்டும் பொருள் நம் வேதாகமத்திலும், நம் தமிழ் இலக்கியத்திலும், நம் மக்கள் வாழும் வாழ்விலும் நிறையக் கிடக்கின்றது. அதனை எடுக்கும் முறையே அறியத்தக்கது. அம்முறையை ஒரு கடற்கரையை முன்னிறுத்தி விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். அக்கரை, புதுச்சேரிக்கு வடக்கே ஆரோவிலை அடுத்துத் தொடங்கி மரக்காணம் வரை நீளும் உப்பளக் கரையாகும்.

காலமும் பெயரும்

முதற்கண் இக்காலத்தின் இயல்பை அறிதல் வேண்டும். இலத்தீன் மொழியில் 'அத்வெந்துஸ்' என்பது வருகை எனப் பொருள்படும். வடமொழியின் 'ஆகமனம்' என்னும் சொல்லும் அதே பொருளினது. இரு சொற்களின் வினைப்பகுதிகளும் ஒரே பழமூலத்தினின்று கிளைத்தவை என்பர் மொழிநூலார். நாம் நாள்தோறும் வழங்கும் 'வேதாகமம்' என்னும் பெயரிலேயே வருதற் பொருள் பொதிந்துகிடத்தல் நினைந்து மகிழத்தக்கது. நவம்பர் 30-ஆம் நாள், அந்திரேயா அப்போஸ்தலரின் நினைவுநாள். அந்நாளுக்கு மிக அண்மையில் வரும் ஞாயிறே இக்காலத்தின் முதல் ஞாயிறு. ஆதலின் அது நவம்பர் 27-க்கு முன்னரும் டிசம்பர் 3-க்குப் பின்னரும் வருவதில்லை. ஐந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இன்றைய பிரான்சு நாட்டிலுள்ள தூர் நகரத்து ஆயர் பெர்பெத்துவஸ் என்பார், நவம்பர் 11-ஆம் நாளாகிய மார்த்தீன் திருநாள் தொடங்கிக் கிறிஸ்து பிறப்பு வரை வாரந்தோறும் நோன்பிருக்குமாறு தம் மக்களைப் பணித்தார். உரோமை வழக்கில் அது நான்கு ஞாயிறுகளாகச் சுருங்கி, பின் மேற்றிசைச் சபைகள் எங்கும் பரவிற்று.

இக்காலத்திற்கு இரு முகங்கள் உண்டு. ஒன்று, பெத்லகேமில் நிகழ்ந்த வருகையைப் பின்னோக்கிக் காண்பது. மற்றொன்று, இனி நிகழவிருக்கும் வருகையை முன்னோக்கிக் காண்பது. பன்னிரண்டாம் நூற்றாண்டினரான கிளேர்வோ மடத்துப் பெர்னார்து என்னும் துறவியார், இவ்விரண்டிற்கும் இடையே அன்பர் உள்ளத்தில் நாள்தோறும் நிகழும் மூன்றாவது வருகையையும் சேர்த்துரைத்தார். நம்மிடையேயோ பின்னோக்கும் முகம் ஒன்றே மிஞ்சி, டிசம்பர் முதல் நாளிலேயே தொழுவமும் மேய்ப்பரும் மேடையேறிவிடுகின்றனர். காத்திருக்க வேண்டிய காலம் கொண்டாட்டத்தின் முன்வாயிலாகச் சுருங்கிவிடுகின்றது. பொருள் கிட்டவில்லை என்ற முறையீட்டிற்கு இதுவே முதற் காரணம். கொண்டாட்டத்தைப் பற்றி நான்கு வாரம் தொடர்ந்து பேசினால் ஐந்தாவதாகத் திருநாளன்று பேச ஒன்றும் எஞ்சாது. காத்திருத்தலைப் பற்றிப் பேசப்புகுந்தாலோ நான்கு வாரமும் போதா.

காத்திருக்கும் கரை

காத்திருத்தல் என்பதை மரக்காணத்து உப்பளத் தொழிலாளர்க்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. கடல்நீரில் நூற்றுக்கு ஏறக்குறைய மூன்றரைப் பங்கே உப்பு. அந்நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி, வெயிலும் காற்றும் அதனை வற்றச் செய்து, உவர் முதிர்ந்த பின்னரே உப்பு விளையும். தை, மாசித் திங்களிற் தொடங்கும் அத்தொழில், வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் நின்றுவிடுகின்றது. ஆகவே திருவருகைக் காலம் அக்கரையில் உப்பு விளையாத காலம். கூலி இல்லாத காலம். இதனை உணர்ந்தே தமிழ்நாட்டு அரசு 2022-ஆம் ஆண்டில், மழைக்காலத்து வேலையின்றி இருக்கும் உப்பளத் தொழிலாளர் குடும்பம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் உதவி வழங்கும் திட்டத்தைத் தொடங்கிற்று. மேனாட்டார்க்குக் குளிரும் இருளும் எதனை உணர்த்துமோ, அதனை இக்கரையார்க்கு நீர் நிறைந்து வெறிதே கிடக்கும் பாத்திகள் உணர்த்தும். மழை விடுமா, வெயில் வருமா என்று வானத்தைப் பார்க்கும் கண்களே இங்குத் திருவருகைக் காலத்தின் முதற் பாடநூல்.

அலையும் முழக்கமும்

இக்கரையிற் பிரசங்கிப்போர் 2024-ஆம் ஆண்டில் எய்திய சோதனை நினைவிற் கொள்ளத்தக்கது. அவ்வாண்டு நவம்பர் 30-ஆம் நாள், சனிக்கிழமை இரவில், பெஞ்சல் என்னும் புயல் புதுச்சேரியை அடுத்துக் கரையைக் கடந்தது. புதுச்சேரியிலும், திண்டிவனத்தை அடுத்த மயிலத்திலும் ஒரு நாளுக்குள் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் அளவான மழை கொட்டிற்று. தெருக்கள் ஆறாயின, மரக்காணத்து உப்பளங்கள் மழைநீரில் மூழ்கின. விடிந்தால் டிசம்பர் 1. திருவருகைக் காலத்து முதல் ஞாயிறு. மூன்றாண்டு வட்டத்து வாசகப் பட்டியலைக் கையாளும் சபைகளில் அன்று படிக்குமாறு குறிக்கப்பட்டிருந்த சுவிசேஷப் பகுதி லூக்கா 21-ஆம் அதிகாரம். கடலும் அலைகளும் முழங்க மக்கள் கலங்கி நிற்பதையும், பின் மனுஷகுமாரன் வருவதையும் ஆண்டவர் உரைக்கும் பகுதி அது.

பட்டியலை வகுத்தோர் இப்புயலை அறியார். பகுதி தற்செயலாகவே அந்நாளில் வந்தமைந்தது. ஆயினும் ஈர உடையோடு கோயிலில் வந்தமர்ந்த ஒருவர், இவ்வாசகத்தைக் கேட்டதும் பிரசங்கியாரின் முகத்தையன்றி வேறெதனை நோக்குவார்? அத்தகைய வேளையில் துணைநூலிற் கண்ட பனிக்காலக் கதை உதவாது. ஆராய்ந்து உணர்ந்த மெய்ப்பொருளே உதவும்.

இத்தகைய நிலை புதியதன்று. 590-ஆம் ஆண்டில் உரோமாபுரியின் ஆயராகப் பொறுப்பேற்ற முதலாம் கிரகோரியார், இதே லூக்கா பகுதியின் மேல் ஆற்றிய பிரசங்கம் நமக்குக் கிடைத்துள்ளது. முந்திய ஆண்டில் தைபர் ஆறு பெருகி நகரை அழித்தது. தொடர்ந்து வந்த கொள்ளைநோயில் அவருக்கு முன்னிருந்த ஆயரே இறந்தார். இவற்றின் பின் நிகழ்ந்த அப்பிரசங்கத்தில், சில நாட்களுக்கு முன் வீசிய சூறைக்காற்று முதுமரங்களைப் பெயர்த்ததையும் வீடுகளையும் கோயில்களையும் வீழ்த்தியதையும் கிரகோரியார் கேட்போர்க்கு நினைவூட்டுகின்றார். மக்கள் கண்ணாற் கண்டதை வாசகத்தோடு இணைத்துப் பேசும் முறை பதினான்கு நூற்றாண்டுப் பழமையுடையது என்பது இதனால் விளங்கும்.

எனினும் ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். கிரகோரியார் அக்காற்றை வரவிருக்கும் நியாயத்தீர்ப்பின் அச்சக்குறியாக எடுத்துரைத்தார். நம் பிரசங்கியார் அதனையே திருப்பிக் கூறி, "இப்புயல் உங்கள் பாவத்திற்கு வந்த தண்டனை" என்பாராயின், கூரை இழந்தவரின் மேல் குற்றத்தையும் சுமத்தியவராவார். சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெண்மர் மாண்ட செய்தியை எடுத்துக்கூறி, அவர் பிறரினும் மிக்க பாவிகள் அல்லர் என்று ஆண்டவரே மறுத்ததை அதே லூக்கா தம் 13-ஆம் அதிகாரத்திற் குறித்துள்ளார். மேலும் 21-ஆம் அதிகாரம் அச்சத்தோடு முடிவதுமன்று. இவையெல்லாம் நிகழத் தொடங்கும்போது குனிந்தோர் நிமிர்ந்து தலையை உயர்த்துக என்பதே அங்குள்ள கட்டளை. மீட்பு அண்மையிலுள்ளது என்பதே அதற்குக் காரணம். உடன்வரும் உவமையோ, தளிர்க்கும் அத்திமரத்தைப் பற்றியது. முழக்கத்தை மட்டும் எடுத்துத் தளிரை விடுவது வாசகத்தைப் பாதியிற் கிழிப்பதாகும். வாசகத்தை முழுதும் படித்தலே பொருள் தேடலின் முதற் படி என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

வாசகப் பட்டியல்

இனி அப்பட்டியலின் அமைப்பைக் காண்போம். உரோமன் கத்தோலிக்க சபை 1969-இல் மூன்றாண்டு வட்டமாக வகுத்த பட்டியலைத் தழுவிப் பிற சபைகளும் ஒரு பொதுப் பட்டியலை உருவாக்கின. அதன் திருத்திய வடிவம் 1992-இல் வெளிவந்தது. முதல் ஆண்டில் மத்தேயுவும், இரண்டாம் ஆண்டில் மாற்குவும், மூன்றாம் ஆண்டில் லூக்காவும் தலைமை பெறுவர். நான்கு ஞாயிறுகளின் ஒழுங்கு மூன்றாண்டிலும் ஏறக்குறைய ஒன்றே. முதல் ஞாயிறு விழித்திருத்தலையும் முடிவையும் பற்றியது. இரண்டாம், மூன்றாம் ஞாயிறுகள் யோவான் ஸ்நானனுக்கு உரியவை. நான்காம் ஞாயிற்றில் முதல் ஆண்டில் யோசேப்பின் கனவும், இரண்டாம் ஆண்டில் மரியாளுக்குத் தூதன் உரைத்த செய்தியும், மூன்றாம் ஆண்டில் மரியாள் எலிசபெத்தைக் காணச் சென்றதும் படிக்கப்படும். தென்னிந்தியத் திருச்சபை போன்றவை ஞாயிறுதோறும் ஒரு பொருளைக் குறித்துத் தாமே வாசகங்களை வகுப்பதும் உண்டு. எந்தப் பட்டியலாயினும் பயன் ஒன்றே: பிரசங்கியார் தமக்கு விருப்பமான நான்கைந்து பகுதிகளையே சுற்றிச் சுற்றி வாராமல், தாம் தேர்ந்திராத பகுதியின் முன் நிற்கும் கட்டாயம் ஏற்படுகின்றது.

வாசகத்தைப் படிக்குங்கால் இரண்டு மொழிபெயர்ப்புகளை அருகருகே வைத்துக்கொள்ளுதல் நன்று. சீகன்பால்கு ஐயர் தரங்கம்பாடியில் அச்சிட்ட புதிய ஏற்பாடு 1715-இல் நிறைவெய்திற்று. பின்னர்ப் பப்ரிசியுஸ் முதலியோரின் உழைப்பைக் கடந்து, ஹென்றி பவர் தலைமையிலான குழுவினரின் மொழிபெயர்ப்பு 1871-இல் முழு வேதாகமமாக வெளிவந்து, இன்றும் பெரும்பாலான சீர்திருத்தச் சபைகளில் ஓதப்படுகின்றது. கத்தோலிக்கரும் பிற சபையாரும் கூடி உருவாக்கிய திருவிவிலியம் 1995-இல் வெளிவந்தது. ஒன்று செவிக்குப் பழகிய நடையையும், மற்றொன்று இக்காலத் தெளிவையும் தரும். இரண்டும் வேறுபடும் இடங்களிலெல்லாம் மூலத்தில் ஆராயத்தக்கதொன்று உண்டென்று அறிந்து, அங்கே நின்று நிதானிக்க வேண்டும்.

தமிழ்க் கருவூலம்

அடுத்து நம் தமிழ்க் கிறிஸ்தவ இலக்கியம். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) இயற்றிய 'பெத்லகேம் குறவஞ்சி' திருவருகைக் காலத்திற்கென்றே அமைந்ததோ என ஐயுறத்தக்கது. குறவஞ்சி நாடகத்தில், பவனி வந்த தலைவனைக் கண்டு காதல்கொண்ட தலைவி அவன் வரவிற்கு ஏங்கி நிற்க, குறத்தி வந்து கைபார்த்துக் குறி சொல்லி அவள் மனத்தைத் தேற்றுவாள். சாஸ்திரியார் அவ்வடிவத்தை ஏற்று, தலைவியைத் திருச்சபையாகவும் தலைவனைப் பெத்லகேம் நாதனாகவும் அமைத்தார். ஏங்குவோளும், வருவோனும், வருவான் என்று முன்னறிவிக்கும் குரலும் ஆகிய மூன்றும் அங்கே உள. இம்மூன்றுமே இக்காலத்தின் உறுப்புகள். ஏசாயாவையும் யோவான் ஸ்நானனையும் பற்றி மாணவர்க்குக் கூறுங்கால், குறத்தியின் இடத்தை நினைவூட்டினால் முன்னறிவிப்பு என்பது என்னவென்று எளிதில் விளங்கிவிடும். நோவாவின் பேழையைப் பொருளாகக் கொண்டு அவர் இயற்றிய 'ஞானத்தச்ச நாடகம்', நோவாவின் நாட்களை எடுத்துரைக்கும் மத்தேயு பகுதி வரும் முதல் ஆண்டின் முதல் ஞாயிற்றுக்கு ஏற்ற துணையாகும்.

யோசேப்பின் ஞாயிற்றுக்கு வீரமாமுனிவரின் (1680–1747) தேம்பாவணியினும் சிறந்த தமிழ்த் துணை இல்லை. சுவிசேஷத்தில் ஒரு சொல்லும் பேசாத யோசேப்பை 'வளன்' என்னும் பெயரால் காப்பியத் தலைவனாக்கி, மூன்று காண்டங்களிலும் 36 படலங்களிலும் 3,615 பாடல்களாக விரித்தார் முனிவர். அந்நூல் முதன்முதல் அச்சேறியதும் இக்கரையை அடுத்த புதுச்சேரியிலேதான். அங்குள்ள மிஷன் அச்சுக்கூடம் 1851 முதல் 1853 வரை மூன்று பகுதிகளாக அதனை வெளியிட்டது. பேசாதவனின் மனப்போராட்டத்தைக் கூறுவதற்கு ஒரு காப்பியமே வேண்டியிருந்தது என்று மட்டும் பிரசங்கியார் சபைக்கு எடுத்துரைத்தாலும், நான்காம் ஞாயிற்றின் வாசகம் புதிய ஒளி பெறும்.

பாடலுக்கு வருவோம். ஐரோப்பியர் தந்த ஞானப்பாட்டுகளும், நம் நாட்டுப் பண்களில் அமைந்த கீர்த்தனைகளும் நமக்கு இரு கண்கள். வாயில்களை உயர்த்தி அரசனை வரவேற்குமாறு அழைக்கும் செருமானியத் திருவருகைப் பாட்டொன்று, கியோர்க் வைசல் என்பார் 1623-இல் இயற்றியது. இன்று அது பாடப்படும் இசை, 1704-இல் ஹாலே நகரத்தில் வெளிவந்த பாட்டுநூலில் முதன்முதல் இடம்பெற்றது. இரண்டே ஆண்டுகளின் பின் அதே ஹாலேயின் பக்திநெறியிற் பயின்ற சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்திறங்கினார். மறுபுறம், மதுரையில் ஊழியம் செய்த அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் 1853-இல் சாஸ்திரியார் முதலியோரின் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். பிற்காலத்துக் கீர்த்தனை நூல்களுக்கு அது வழிகாட்டியாயிற்று. ஆராதனைக்குப் பாடல் தேர்வோர், திருநாட் பாடல்களைத் திருநாளுக்கென்று ஒதுக்கிவைத்து, ஏக்கத்தையும் அழைப்பையும் வரவேற்பையும் கூறும் பாடல்களை இந்நான்கு வாரங்கட்கும் தெரிந்தெடுத்தல் முறை.

கிறிஸ்தவ நூல்களோடு நின்றுவிடவும் வேண்டா. முல்லைக்கு இருத்தலும் நெய்தலுக்கு இரங்கலும் உரிப்பொருள் என்பது நம் மாணவர் யாவரும் படிக்கும் பொருளிலக்கணம். கார்காலத்தில் வருவேன் என்று சொல்லிப் பிரிந்தவனின் சொல்லை நம்பி ஆற்றியிருப்பது இருத்தல். வாராமையை நினைந்து கடற்கரையில் உருகுவது இரங்கல். வாக்குறுதியைப் பற்றிக்கொண்டு பொறுத்திருத்தலும், தாமதத்தை எண்ணிப் புலம்புதலும் ஆகிய இவ்விரண்டுமே சங்கீதங்களிலும் தீர்க்கதரிசிகளிலும் மாறி மாறி வருவன. நப்பூதனார் பாடிய முல்லைப்பாட்டில் முதுபெண்டிர் ஊர்ப்புறத்தே நற்சொல் கேட்க நிற்கின்றனர். அங்கே ஓர் ஆய்மகள், பசியால் வாடும் கன்றை நோக்கி, தாய்ப்பசு இப்பொழுதே வந்துவிடும் என்று தேற்றும் சொல் அவர் செவியில் விழுகின்றது. அதனையே அவர் அரசிக்கு நற்செய்தியாக எடுத்துச் செல்கின்றனர். எளியவள் ஒருத்தி ஒரு கன்றுக்குச் சொன்ன சொல் அரண்மனைக்கு ஆறுதலாவதைக் கூறும் இக்காட்சியைவிட, மரியாளின் ஞாயிற்றுக்கு வேறு முன்னுரை வேண்டுமோ?

நம் கரைக்கும் அவ்விலக்கியத்தில் இடமுண்டு. சிறுபாணாற்றுப்படையின் தலைவனாகிய ஓய்மான்நாட்டு நல்லியக்கோடனுக்குரிய எயிற்பட்டினம் மரக்காணமே என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. அதனைப் பாடிய நத்தத்தனாரின் இடைக்கழிநாடு மரக்காணத்திற்கு வடக்கே அடுத்துள்ளது. உப்பு வண்டிகளோடு செல்லும் உமணரும் அப்பாட்டில் வருகின்றனர். ஆற்றுப்படை என்பதே, பரிசில் பெற்று மீண்டவன் பசியோடு எதிர்ப்பட்டவனுக்கு வழிகாட்டுவதாகும். பிரசங்கியாரின் தொழிலும் அதுவே.

விளக்கும் வைகறையும்

ஆராதனைக் குறியீடுகளிலும் அண்மையிற் கிடைப்பனவற்றை ஆளலாம். நான்கு ஞாயிற்றிலும் ஒவ்வொரு மெழுகுதிரியாக ஏற்றும் பசுந்தழை வளையம் தொன்றுதொட்டு வந்ததன்று. ஹாம்பர்க் நகரில் ஏழைச் சிறுவர் இல்லம் நடத்திய யோகான் ஹின்ரிக் விகர்ன் என்பார், திருநாள் என்று வரும் எனச் சிறுவர் ஓயாது கேட்டமையால், 1839-இல் ஒரு வண்டிச் சக்கரத்தில் திரிகளை நிறுத்தி நாளொன்றுக்கு ஒன்றாக ஏற்றத் தொடங்கினார். அவர் தம் இல்லத்திற் கிடந்ததைக் கொண்டு செய்தார். நாமும் அவ்வாறே செய்யலாம். ஐந்துமுகக் குத்துவிளக்கு எவ்வூரிலும் உண்டு. நான்கு ஞாயிற்றிலும் நான்கு முகங்களை ஒவ்வொன்றாக ஏற்றி, ஐந்தாவதைத் திருநாள் வைகறையில் ஏற்றினால், பொருளை விளக்கத் தனியே ஒரு பிரசங்கம் வேண்டா.

மற்றொன்றும் உண்டு. டிசம்பர் 17 முதல் 23 வரை ஏழு மாலைகளில், வருபவரை ஏழு பெயர்களால் அழைக்கும் முன்னிசை வாசகங்கள் மேற்றிசைச் சபையில் வழங்குகின்றன. ஞானம், ஆண்டவர், ஈசாயின் வேர், தாவீதின் திறவுகோல், உதயம், மக்களினங்களின் அரசர், இம்மானுவேல் என்பன அவை. இலத்தீனில் இப்பெயர்களின் முதலெழுத்துகளைக் கடையிலிருந்து படித்தால் 'எரோ கிராஸ்', அஃதாவது 'நாளை இருப்பேன்' என்னும் தொடர் தோன்றுதலைப் பலரும் வியப்பர். அந்நாட்கள் மார்கழித் திங்கள் பிறப்பை ஒட்டியே வருகின்றன. வைகறையில் எழுந்து பாடும் வழக்கம் நம் நாட்டார்க்கு மார்கழியில் இயல்பு. அவ்வேழு பெயர்களையும் ஏழு வைகறைகளில் தியானிக்குமாறு விடுதி ஆராதனையை அமைத்தால், மாணவர் மறவார்.

வாழ்வாகிய பாடநூல்

நூல்களையும் குறியீடுகளையும் கடந்து மக்களின் வாழ்வு நிற்கின்றது. மதுரை அரசரடியில் 1969-இல் தொடங்கப்பெற்ற தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராயிருந்து 2005-இல் மறைந்த தியோபிலஸ் அப்பாவு அவர்கள், நாட்டுப்புற இசையிலேயே ஆராதனை முறை ஒன்றை அமைத்தார். உழைப்போரின் மொழியும் தாளமும் கோயிலுக்குள் வருதல் வேண்டும் என்பதும், ஒரே உலையிற் சமைத்துப் பகிர்ந்துண்ணும் வாழ்வே திருவிருந்தின் பொருள் என்பதும் அவர் கொள்கை.

அக்கொள்கையை மனத்திற் கொண்டு, மூன்றாம் ஆண்டின் யோவான் ஸ்நானன் பகுதிகளை உப்பளக் கரையிற் படித்துப் பார்க்க. பள்ளங்கள் நிரம்பவும் மேடுகள் தாழவும் வழி செவ்வையாகவும் வேண்டும் என்பது ஓர் ஞாயிற்றின் வாசகம். மழை விட்டதும் சேற்றை வழித்து, தரையை மட்டமாக்கி, வரப்பைத் திருத்திப் பாத்தி செய்பவர்க்கு இது உவமையன்று. தை மாதத்து வேலை. தரை மட்டப்படாத பாத்தியில் நீர் ஒருபால் தேங்கும், ஒருபால் காயும் என்பதை அவர் நன்கறிவர். அடுத்த ஞாயிற்றில், நாங்கள் என்ன செய்யவேண்டும் என்று மக்கள் வினவ, இரண்டு அங்கி உள்ளவன் இல்லாதவனுக்கு ஒன்றைக் கொடுக்கவும், வரி தண்டுவோன் விதித்ததற்கு மேல் வாங்காதிருக்கவும், போர்ச்சேவகன் எளியோரை மிரட்டாதிருக்கவும் யோவான் விடை கூறுகின்றார். வேலையற்ற மழைமாதங்களில் வாங்கிய கடனுக்கு வட்டி கட்டும் குடும்பங்கள் அமர்ந்திருக்கும் கோயிலில், கடன் கொடுத்தவரும் அமர்ந்திருக்கலாம். அவ்விடத்தில் இவ்வாசகத்தை மழுப்பாமலும், எவரையும் சுட்டி இழிவுபடுத்தாமலும் விளக்குவதே பிரசங்கியாரின் நேர்மைக்கு உரைகல். 'வருகிறார்' என்பது பாடலாக மட்டும் நின்றுவிட்டால், அவர் வரும்போது காணவேண்டிய செவ்வழி எங்கே?

நிற்க, ஆரோவிலைப் பற்றியும் ஒரு சொல். 1968-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் அந்நகர் தொடங்கப்பெற்றபோது, 124 நாடுகளின் மண் கொணரப்பட்டு ஒரே தாழியில் இடப்பட்டது. அந்நகர் எச்சமயத்தையும் சார்ந்ததன்று. அதனைக் கிறிஸ்தவச் சின்னமாக்கிக் கூறுதல் நேர்மையுமன்று. ஆயினும் மக்களினங்கள் யாவும் ஒரு மலையை நோக்கித் திரண்டு வருவதையும், வாள்களைக் கொழுமுனைகளாக அடிப்பதையும் ஏசாயா கண்ட காட்சி முதல் ஆண்டின் முதல் ஞாயிற்றில் படிக்கப்படும்போது, அண்மையிலுள்ள சிற்றூர்ச் சிறுவர், பல நாட்டு மண் ஓரிடத்தில் கலந்த செய்தியை அறிந்தவராகவே அமர்ந்திருப்பர். மனிதர் இத்தகைய ஒற்றுமைக்கு ஏங்குகின்றனர் என்பதற்கு அதனைச் சான்றாகக் கொள்ளலாம். அவ்வேக்கம் நிறைவேறிவிட்டது என்று எவ்விடத்தும் கூறலாகாது. திருவருகைக் காலத்தின் நிலையும் அதுவேயன்றோ?

செய்முறை

இதுகாறும் கூறியவற்றைச் செய்முறையாகச் சுருக்குவோம். திங்கட்கிழமையே அடுத்த ஞாயிற்றின் வாசகங்களை இரு மொழிபெயர்ப்பிலும் முழுமையாகப் படிக்க. செவ்வாயன்று அவ்வாசகம் அக்காலத்து மக்களுக்கு எதனைக் கூறிற்று என்பதை உரைநூல்களால் ஆராய்க. பின்னர், நூலை மூடிவிட்டு, ஊர் மக்களுள் இருவர் மூவரைக் கண்டு அவர் எதற்காகக் காத்திருக்கின்றனர் என்று கேட்க. விடையைத் திருத்தாமற் கேட்க. அதன் பின்னரே தமிழ் நூல்களிலும் கீர்த்தனைகளிலும் பொருத்தமானதைத் தேடுக. கடைசியாக வேண்டுமாயின் பிறர் எழுதிய பிரசங்கங்களைப் பார்க்க. நம்மிற் பலர் இவ்வரிசையைத் தலைகீழாக்கி, பிறர் பிரசங்கத்திற் தொடங்கி வாசகத்தில் முடிக்கின்றனர். பொருள் வறட்சி என்பது பெரும்பாலும் இவ்வரிசைப் பிழையே.

உப்பளத்தில் நீரைப் பாய்ச்சிய மறுநாளே உப்பு வார எவரும் செல்வதில்லை. உவர் முதிரும் வரை வெயிலிற் கிடத்தல் வேண்டும். பிரசங்கமும் அத்தகையதே. சனிக்கிழமை இரவிற் தேடத் தொடங்கியவனுக்கு, 2024-இல் வந்தது போன்ற ஓர் இரவு மீண்டும் வருமாயின், மறுநாட் காலையில் மக்களுக்குச் சொல்ல ஒன்றும் இராது. வாரம் முழுதும் வாசகத்தோடும் மக்களோடும் இருந்தவனுக்கோ, குறிப்புத் தாள் மழையில் நனைந்து போயினும், நிமிர்ந்து தலையை உயர்த்துமாறு சொல்ல வாய் இருக்கும். நம் கல்லூரியினின்று செல்வோர் அவ்வாறு சொல்ல வல்லவராதல் வேண்டும் என்பதே எம் வேணவா.